எனக்குத்தான் சொல்லுது

மோட்டார் சைக்கிளில் கடுகு ஒட்டி வைத்திருந்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும். மற்றவர்கள் மாதா படம் ஒட்டுவார்கள், பிள்ளையார் படம் ஒட்டுவார்கள், நடிகர் படம் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர் வேகம் காட்டுகிற முள்ளுக்கு மேலே, கண்ணாடியில், ஒரே ஒரு கடுகை வைத்து அதன்மேல் செலோரேப் ஒட்டியிருந்தார். காலையில் வண்டியை உதைக்க முன் அதை ஒருதரம் விரலால் தொட்டுவிட்டுத்தான் புறப்படுவாராம். அந்தக் கடுகு என்னுடைய அடுப்படியிலிருந்து போனது. ஆகவே இது கட்டுக்கதை என்று யாரும் என்னிடம் வந்து சொல்லவேண்டாம்.

அவர் எங்கள் மீன்கார அண்ணை. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், என்னை ஏன் இதுக்குள்ளே இழுத்தீர்கள் என்று கூச்சப்படுகிற ஆள். குருநகர்க் கத்தோலிக்கர். நாங்கள் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயமும் மரக்கறியும் செய்கிற சைவ சமயக்காரர். செவ்வாய், புதன், சனி என்று கிழமையில் மூன்று நாள், பின்னால் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் சின்ன ஒழுங்கையில் நின்று கோண் அடித்துக் கூப்பிடுவார். எங்கள் விரத நாட்கள் எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கந்தசஷ்டி எப்போது தொடங்குகிறது என்று நாட்காட்டியைப் பார்க்காமல் அவரிடமே நான் கேட்டிருக்கிறேன்.

இளம் வயதில் சங்கு குளித்தவர். ஒருநாள் ஆழத்தில் வலது காதுக்குள் ஏதோ வெடித்துவிட்டதாம். இனித் தலையைத் தண்ணீருக்குள் தாழ்த்தினால் மற்றக் காதின் கேள்வியும் போய்விடும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னதால் கரையேறி மீன் விற்க வந்தார். அவருடன் கதைப்பதென்றால் இடது பக்கம் நிற்க வேண்டும். வலது பக்கம் நின்று நான் எவ்வளவு பேரம் பேசினாலும் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் நிசமாகவே கேட்காதா, அல்லது கேட்க விருப்பமில்லையா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

கடுகுக் கதைக்கு வருகிறேன். எங்கள் வேலி வாசலில், படலையடியில் இருந்து விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தார். அடுப்படியில் நான் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்த மணம் அவருக்குப் போய்விட்டது. கத்தியை அப்படியே வைத்துவிட்டு, வெடிக்காத கடுகு ஒன்று கொண்டுவரும்படி கத்தினார். சட்டி கருகப் போகிறது, எனக்கோ எப்போதும் மூக்கு நுனியில் கோபம். வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு ஒரு பிடி கடுகைக் கடதாசியில் கொட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரவிரலில் ஒன்றை ஒற்றி எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, மீன்பெட்டி மூடியில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி. பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்த பூனை துள்ளி ஓடியது.

“தங்கச்சி, இது வேதத்திலை இருக்கு,” என்றார்.

கடவுளின் அரசு ஒரு கடுகு விதை போல என்று யேசு சொன்னதை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். அது பெரிய சங்கதியில்லை. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த வேதக்காரப் பிள்ளைகளிடம் நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. அன்று விடிய ஏலத்தில் அவருக்குக் கால் பெட்டி மீன்தான் கிடைத்ததாம். இதைக் கொண்டு அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாராம். வந்த இடத்தில் கடுகு கூப்பிட்டுச் சொல்லிவிட்டதாம், கொஞ்சம் போதும் என்று. சொல்லும்போது அவர் கண் இரண்டும் அப்படி மின்னியது. நான் அவ்வளவு காலமும் கடுகை ஒரு நாளாவது நின்று பார்த்தேனா என்று எனக்கே யோசனை வந்துவிட்டது.

இதுதான் அவர். கண்ணில் படுகிற எந்தச் சாமானும் அவருக்குச் சும்மா சாமானில்லை. உப்பு, விளக்கு, கயிறு, துவாய், கதவு, கல் எல்லாமே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஆனால் இதில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். ஒருபோதும் எனக்கென்றோ இன்னொருவருக்கென்றோ அவர் அர்த்தம் சொல்லமாட்டார். ஒருநாள் வயிற்றெரிச்சலில், எனக்கும் ஏதாவது பார்த்துச் சொல்லுங்கோவன் என்று கேட்டேன். கைரேகை பார்க்கச் சொன்னதுபோலத் திடுக்கிட்டுப் போனார்.

“எனக்குத்தான் சொல்லுது, தங்கச்சி. மற்றவைக்கு என்ன சொல்லுதெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?”

சேவல் கதையையும் சொல்லவேண்டும். ஒரு சனிக்கிழமை, பாரை மீன் அன்று விடியப் பிடித்ததென்று என்னிடம் சொல்லி வாய்மூடவில்லை, பக்கத்து வளவுச் சேவல் கூவியது. பகல் பத்து மணிக்கு எந்த அறிவுகெட்ட சேவல் கூவும்? அது கூவியது. அவர் முகம் கறுத்துப் போனது. யேசுவின் முதற்சீடர் இராயப்பர், அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று மூன்றுதரம் பொய் சொன்ன பிறகு சேவல் கூவிய கதை நினைவில் வந்துவிட்டது. தராசை இறக்கி வைத்தார். இது நேற்றையான், தங்கச்சி என்று ஒத்துக்கொண்டார். அந்தப் பாரையை அங்கேயே துண்டு துண்டாக வெட்டி ஒழுங்கைப் பூனைகளுக்கெல்லாம் பங்கு வைத்தார். போகும்போது அவருக்குப் பெரிய சந்தோசப் புளுகம். இராயப்பருக்கு மூன்று பொய் தேவைப்பட்டது, தான் ஒன்றோடு தப்பிவிட்டதாகச் சொல்லிச் சொல்லிப் போனார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றும் இல்லை. ஒருமுறை ஒழுங்கையில் ஒரு பூட்டுத் திறப்பைக் கண்டெடுத்தார். வானத்தின் திறப்பை இராயப்பரிடம்தான் கொடுத்தார்கள் அல்லவா, அந்த மகிழ்ச்சி தாங்கவில்லை. சொந்தக்காரரைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கினார். கடைசியில் அது யாரோ எறிந்துவிட்ட பழைய சைக்கிள் பூட்டின் திறப்பு. அதற்குள் பெட்டியில் ஐஸ் எல்லாம் கரைந்து, எனக்கென்று வைத்திருந்த சூடை மீன் நொந்துபோனது. நான் நன்றாகப் பேசிவிட்டேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். ஆனால் இவ்வளவு நாளும் மூடியிருந்த பதினொரு படலை இன்று திறந்தது தங்கச்சி என்று சொல்லி, திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். இந்த ஆளோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது?

என் மாமாவுக்கு, அதாவது என் கணவரின் தகப்பனுக்கு, அவரைப் பிடிக்காது. பிடிக்காது என்று சொல்வதும் பிழை. மீன்காரன் என்ற அளவில் மாமாவின் கண்ணுக்கு அவர் தெரிந்தார், அதற்கு மேல் தெரியவில்லை. என் கணவர் அப்போது கட்டாரில் வேலை. வீட்டில் நானும் மாமாவும் சிவலை என்ற பசுவும்தான். மாமா மாமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரை போட்டு, தேநீர்க் கோப்பையோடு நாள் முழுக்க இருப்பார். அங்கிருந்து படலையும் தெரியும், கிணறும் தெரியும். ஒரே ஒருநாள் மட்டும் மீன்கார அண்ணையுடன் தானாகக் கதைத்தார். அன்று முற்றத்தில் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. எகிப்திலிருந்து மோசே கூட்டிக்கொண்டு வந்த சனம், பாலைவனத்தில் வானத்து உணவு சாப்பிட்டு அலுத்துப்போய், வெங்காயம் இல்லையே என்று அழுததாம். அதை அண்ணை பெட்டி மூடியில் அடித்துச் சொன்னதும் மாமா கதிரையில் நிமிர்ந்தார். எந்த வெங்காயம், சின்ன வெங்காயமோ என்று கேட்டார். அதுதான் வேதத்தில் எழுதாமல் விட்டிருக்கிறார்கள் ஐயா என்றார் இவர். சின்ன வெங்காயமாய்த்தான் இருக்கும், பெரிய வெங்காயத்துக்கு ஆர் அழுவான் என்று மாமா தீர்ப்புச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அடுப்படி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன், சந்தோசமாக இருந்தது.

இனிச் சொல்லப் போவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை.

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் எங்களுக்கு ஒரே கிணறு. மீன் வெட்டி முடிந்ததும் அவர் கை கழுவ வேண்டும். படலைக்குள்ளே பத்து அடி வைத்தால் கிணறு. கப்பியும் வாளியும் அங்கேயே தொங்கும். ஆனால் அவர் உள்ளே வரமாட்டார். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய், படலைக்கு இந்தப் பக்கம் நின்று, உயரத்திலிருந்து ஊற்றுவேன். செம்பு அவர் கையில் படாது. குடிக்கக் கேட்டாலும் அப்படித்தான், கையை ஏந்திக் குடிப்பார். இந்தக் காலத்தில் யார் இதெல்லாம் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். நாங்கள் பார்த்தோம். மாமா அதைச் சட்டமாகச் சொன்னதே இல்லை. நான் கலியாணம் செய்து வந்த அன்று அந்த வீட்டில் அது இருந்தது, நானும் செம்பைத் தூக்கிக்கொண்டேன். கரையூர் என்று நாங்கள் சொல்லுகிற குருநகர்க் கடல்தொழில் சாதிச் சனம் எங்கள் கிணற்றில் கை வைக்கக்கூடாது என்பதை யாரும் வாயால் சொல்லாமலே எல்லோரும் செய்துகொண்டிருந்தோம்.

ஒருநாள் நான் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மலர்ந்தது. யேசு களைத்துப்போய் ஒரு கிணற்றடியில் இருந்தாராம். தண்ணீர் அள்ள வந்த பெண் வேறு சாதிசனம். எனக்குக் குடிக்கத் தா என்று இவர் கேட்க, உங்கட ஆக்கள் எங்கட பாத்திரத்தில் புழங்கமாட்டார்களே, நீ எப்படி என்னிடம் கேட்கிறாய் என்று அவள் கேட்டாளாம். இதைச் சொல்லும்போது அவர் கண் கிணற்றில் இருந்தது. என் கையில் செம்பு. எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. குத்திக் கதைக்கிறீர்களோ என்று நேரே கேட்டுவிட்டேன். அவர் பதறிப்போனார்.

“ஐயோ இல்லை, தங்கச்சி. எனக்குத்தான் சொல்லுது. ஒருநாள் நான் கேக்கிற ஆள், ஒருநாள் நான் குடுக்கமாட்டன் எண்டு நிக்கிற ஆள். எங்கடை பக்கத்திலையும் நாங்கள் சேர்க்காத சனம் இருக்குத்தானே.”

அவர் போனபிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. அடுத்த முறை செம்பைக் கொஞ்சம் பதித்து, அவர் கைக்குக் கிட்டவாக ஊற்றினேன். அதற்கு மேல் எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போது சிவலை. அது நான் ஆசைப்பட்டு வாங்கின பசு. முதற்கன்று வயிற்றில், ஈன இன்னும் இரண்டு கிழமை இருந்தது. மாமாவுக்கும் அது என்றால் உயிர். தன் தட்டில் கடைசி வாய்ச் சோறு அதற்குத்தான். கிணற்றுக் கட்டு ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. அந்தப் பக்கம் நல்ல புல் என்று நான்தான் சிவலையைக் கொண்டுபோய்க் கட்டினேன். கயிறு நீளம் என்று தெரிந்தும் கட்டினேன். காலை பத்து மணி இருக்கும், கல் சரிகிற சத்தம், பிறகு தண்ணீர் அடிக்கிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் இருபது அடிக்குக் கீழே சிவலையின் தலை மட்டும் தெரிகிறது.

அயலெல்லாம் கூடிவிட்டது. கயிறு எறிந்தார்கள், ஏணி இறக்கினார்கள். ஒருவர் ஏணியில் பாதி இறங்கி, அது உதைத்த உதையில் திரும்பி ஏறிவிட்டார். பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைகள் நிற்கிறார்கள், ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. கொம்பில் கயிறு போட்டு இழுத்தால் கழுத்து முறியும். வயிற்றுக்குக் கீழே எதையாவது கொடுத்துத் தூக்கவேண்டும், அதற்கு ஒருவர் மூழ்கவேண்டும். சிவலை மூக்கை மேலே பிடித்துச் சீறிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. நான் போனை எடுத்தேன்.

அன்று பெரிய வெள்ளி. யேசு சிலுவையில் இறந்த நாள். அவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள், வேலை செய்யமாட்டார்கள், உண்ணாமல் கோயிலில் இருப்பார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். அவர் காது எனக்குத் தெரியும். எங்கள் கிணறும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கூப்பிட்டேன். மறுபக்கத்தில் சனம் சிலுவைப்பாதை செபம் சொல்லுகிற சத்தம். சிவலை கிணற்றுக்குள் விழுந்துவிட்டது என்று அழுதேன்.

“கிணத்துக்கையோ? மாடோ? இண்டைக்கோ?” என்று கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் குரல் ஒரு படி ஏறியது. “தங்கச்சி, இது அப்பிடியே வேதத்திலை இருக்கு.”

வேதம் கிடக்கட்டும், மாடு தாழுது என்று நான் கத்தினேன். அவர் அதற்கு முன்னரே போனை வைத்துவிட்டார்.

அரை மணித்தியாலத்துக்குள் ஓர் ஓட்டோ ஒழுங்கைக்குள் பாய்ந்து வந்தது. அவரும் இன்னும் இரண்டு பேரும், மூன்று பேரும் கோயிலுக்குப் போன வெள்ளை வேட்டி சட்டையோடு. மடியில் ஒரு பழைய தடித்த வலை, காலடியில் கயிற்றுச் சுருள். அவர் இறங்கி ஓடிவந்தவர் படலையில் சட்டென்று நின்றார். மாடு உயிருக்குப் போராடுகிற நேரத்திலும் அந்தக் கால் அங்கே நின்றது, நான் பார்த்தேன். மாமா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, இறங்கட்டோ?”

சனம் முழுக்க மாமாவைப் பார்த்தது. மாமா அவரைப் பார்க்கவில்லை. கிணற்றுக்குள்ளே பார்த்தபடி, மாடு சாகப் போகுது என்று மட்டும் சொன்னார். ஓமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அண்ணைக்கு அது போதும். சட்டையைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றில் வழுக்கி இறங்கினார்.

முதல் தடவை மூழ்கினார். சிவலை உதைத்தது, மேலே வந்து மூச்சு வாங்கினார். அவரோடு வந்தவர்களில் ஒருவர், அண்ணை காது, காது என்று மேலேயிருந்து கத்தினார். கேட்கவில்லையா, கேட்க விருப்பமில்லையா தெரியாது, திரும்பவும் மூழ்கினார். மூன்றாம் தடவை நெடுநேரம் ஆளைக் காணவில்லை. நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் நின்ற குருநகர் ஆள் மாதாவே மாதாவே என்கிறார். சிவலையின் மற்றப் பக்கத்தில் தலை வந்தது. கையில் வலையின் மறுமுனை. வயிற்றுக்குக் கீழே வலை போய்விட்டது. நாலு மூலையிலும் கயிறு கட்டி, கிணற்று விளிம்பில் வாழைக்குற்றிகளைப் போட்டு, ஒரு பக்கம் உழவு மெசினும் மற்றப் பக்கம் சனமுமாக இழுத்தோம். நானும் இழுத்தேன், உள்ளங்கைத் தோல் உரிந்ததே பிறகுதான் தெரிந்தது. சிவலை மெல்ல மெல்ல ஏறி, வாழைக்குற்றியில் வழுக்கி, முற்றத்தில் வந்து விழுந்து, பிறகு தள்ளாடி எழும்பி நின்றது. ஒழுங்கை முழுக்கக் கைதட்டியது.

அவர் மேலே ஏறி வந்து, நனைந்தபடி மண்ணில் குந்தியிருந்து சிரித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். பெரிய வெள்ளியில் சிரிக்கக்கூடாதாம். பொத்தின கைக்குள்ளே சிரிப்பு நிற்கவில்லை.

“ஓய்வு நாளிலை உங்கடை மாடு கிணத்துக்கை விழுந்தால் தூக்கமாட்டியளோ எண்டு ஆண்டவர் கேட்டவர். முப்பது வருசமாய் அந்த இடம் மட்டும் எனக்கு ஒண்டும் சொல்லாமல் கிடந்தது. குருநகரிலை எங்கை மாடு, எங்கை கிணறு? இண்டைக்கு வந்து சொல்லிப் போட்டுது, தங்கச்சி.”

உபவாசம் என்று தேநீர் கூடக் குடிக்காமல் போனார்கள். நான் வலது பக்கம் நின்றா இடது பக்கம் நின்றா நன்றி சொன்னேன் என்று நினைவில்லை.

ஓட்டோ திரும்பிய கையோடு மாமா சொன்னார், கிணற்றை முழுக்க இறைக்கவேண்டும் என்று. மாடு விழுந்த தண்ணீராம். இரண்டு வருடத்துக்கு முன் ஆடு ஒன்று விழுந்து செத்தே போனது. அப்போது குளோரின் போட்டு, மூன்றாம் நாள் அதே தண்ணீரைக் குடித்தோம். நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். மாமா மாட்டைத் தடவுவது போல மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

இறைப்பு மெசின் மருதனார்மடத்தில் திருத்தக் கொடுத்துக் கிடந்தது. செவ்வாய்க்கிழமைதான் வரும். அதுவரைக்கும் பக்கத்து வளவுக் கிணற்றில் அள்ளிச் சமைக்கச் சொன்னார். வெள்ளி பின்னேரமே குளோரின் போட்டேன். சனி காலை இரண்டு குடம் பக்கத்து வளவிலிருந்து சுமந்தேன். தோல் உரிந்த கை எரிந்தது, இடுப்பு விட்டுப்போனது, கோபம் வந்தது. குடத்தை வைத்துவிட்டு எங்கள் கிணற்றிலேயே அள்ளினேன். நான் பெரிய நீதிக்காகச் செய்தேன் என்று இப்போது சொல்லலாம், பொய். முதலில் கோபத்தில்தான் செய்தேன். சோற்றை வடிக்கும்போதுதான் உள்ளுக்குள் ஒரு சந்தோசம் குதித்தது.

செவ்வாய் காலை மெசின் வந்து இறைக்கத் தொடங்கியது. ஒன்பது மணிக்குக் கோண் சத்தம். வலது காதில் மட்டுமல்ல, இடது காதிலும் பஞ்சு வைத்திருந்தார். என்ன நடந்தது என்று கேட்க, ஒன்றுமில்லை, கொஞ்சம் கத்திக் கதையுங்கோ என்றார். முதலில் சிவலையை விசாரித்தார். கத்தியை எடுத்து மீனைச் செதில் போக்கினார். மெசின் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்தபோதுதான் வாய்க்காலில் தண்ணீர் பாய்வதைக் கண்டார். எங்கள் இறைப்பு நாட்கள் அவருக்கு அத்துப்படி, செவ்வாய் இறைப்பு நாளில்லை. தண்ணீரைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், பிறகு செதில் ஒட்டியிருந்த தன் கைகளைப் பார்த்தார். வாயில் இருந்த சிரிப்பு மெல்லக் கழன்று போனது.

பழக்கத்தில் நான் செம்போடு வந்து நிற்கிறேன். அவரும் பழக்கத்தில் கையை நீட்டினார். எனக்கு ஊற்ற வரவில்லை. மாமாவில் கோபம், என்னில் கோபம், சொன்னால் என்ன, பேசாமல் நிற்கிற அவரிலும் கோபம். கடுகுக்கும் சேவலுக்கும் சொல்ல வாயிருந்த மனிதர் இதற்கு ஏதாவது சொல்லட்டும் என்றிருந்தது. “உது வேதத்திலை இருக்கோ, அண்ணை?” என்று அவர் காதுக்குக் கிட்டக் கேட்டேன்.

திரும்பவும் வாய்க்காலைப் பார்த்தார்.

“உது எனக்குச் சொல்லேல்லை, தங்கச்சி.”

அவ்வளவுதான். அவர் குத்தவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அவருக்குச் சொல்லவில்லை என்றால் வேறு யாருக்குச் சொல்கிறது? செம்பைப் படலையடியில் வைத்துவிட்டு மாமாவிடம் போனேன். மாமா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, வெள்ளிக்கிழமை அண்ணை இறங்கின தண்ணியிலைதான் சனிக்கிழமையிலை இருந்து சோறு, கறி எல்லாம். உங்கடை கையிலை இருக்கிற தேத்தண்ணியும் உந்தக் கிணத்துத் தண்ணிதான்.”

மாமா கோப்பையைப் பார்த்தார். பாதி இருந்தது. என்னைத் திட்டுவாரென்று நின்றேன், கோப்பையை எறிவாரென்று நின்றேன். மாமரத்தடியில் கட்டியிருந்த சிவலை, அவர் தோளில் மூக்கை வைத்து ஊதியது. மாமா கோப்பையை வாயில் வைத்து மிச்சத்தையும் குடித்து முடித்தார். எழும்பினார். கிணற்றடிக்கு மெதுவாக நடந்துபோய் மெசினை நிற்பாட்டினார்.

“இனி இறைச்சுப் பிரயோசனமில்லை, பிள்ளை,” என்றார்.

படலைக்கு வெளியே மீன்கார அண்ணை கையை நீட்டியபடியே நின்றார். நடந்த கதை ஒன்றும் அவருக்குக் கேட்டிருக்காது. மாமா தன்னைப் பார்ப்பதைக் கண்டதும், கை கழுவத் தண்ணீர் வேண்டும் ஐயா என்று வழமைபோல மரியாதையாகச் சொன்னார். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு என்னவோ சொன்னார். அண்ணை பஞ்சைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். அயலில் இரண்டு வேலிக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன. மாமா அவற்றையும் பார்த்தார். பிறகு, ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரித் தொண்டையைத் திறந்து இரண்டாம் தரமும் சொன்னார்.

“வாளி உங்கைதானே கிடக்கு. வந்து அள்ளு.”